பெட்டியைத் திறக்காமல் அளப்பது எப்படி? மாதிரி வாகன வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் மாதிரி ரயில் பொருள்களையும் சிறு வாகனங்களையும் தருவித்து விற்கும் கடைக்காரர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும். சனிக்கிழமை பிற்பகல்களில் உங்கள் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் குனிந்து நின்று, சட்டைப்பையிலிருந்து எஃகு அடிக்கோலை எடுத்து, மூடிய பெட்டியின் மேலேயே வைத்து உள்ளே இருக்கும் காரை அளக்க முயலும் நரைத்த தலைக்காரன் நான்தான். ஏன் அப்படி அளக்கிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் விற்கும் சிறு வாகனங்களின் பெட்டியில் உண்மையான அளவு விகிதத்தையும், அந்த வண்டி எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது என்பதையும் குறிப்பிடுங்கள் என்று கடந்த சில ஆண்டுகளில் நேரிலும் எழுத்திலும் பலமுறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் "பார்க்கிறோம், அங்கிள்" என்ற பதில் கிடைத்தது. சென்ற மாதம் நடந்த ஒன்று இந்த மடலைப் பொதுவில் எழுத வைத்திருக்கிறது.

உங்களில் ஒருவரிடம், கடையின் பெயர் இங்கே தேவையில்லை, நான்கு டாக்சிகள் வாங்கினேன். பெட்டியின் மேல் கடைக்காரரே ஒட்டிய சிறு தாளில் "எச்ஓ தளத்துக்கு ஏற்றது, 1960களின் டாக்சி" என்று எழுதியிருந்தது. (தளம் என்பது மேசைமேல் அமைக்கும் மாதிரி ரயில் காட்சி. எச்ஓ என்றால் அதில் எல்லாம் 1:87, அதாவது உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு.) படத்தில் கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும் தெரிந்தன. ஒன்று 32 வெள்ளி வீதம் நான்குக்கும் 128 வெள்ளி கொடுத்து, வீட்டுக்கு வந்து, மேசை விளக்கின் கீழே முதல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தது அம்பாசிடர். இந்தியத் தெருக்களில் ஓடிய அம்பாசிடர். அடிக்கோலை வைத்துப் பார்த்தால் 67 மில்லிமீட்டர் நீளம், அதாவது 1:64. எனக்குத் தேவையான டாக்சி 1:87 அளவில் 51 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என் தளத்தில் உள்ள ரயில் கேட்டுக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் வைத்தபோது, பக்கத்தில் நின்ற லாரியே அதனிடம் வழிவிடக் கெஞ்சுவதுபோல் இருந்தது.

நியாயத்தை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். அம்பாசிடரை அனுப்பியது முழுப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். 1956 முதல் 1959 வரை இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் வாரிசுதான் அது. ஆனால் 1960களில் நம் சாலைகளில் மஞ்சள் கூரையோடு ஓடிய டீசல் டாக்சி என்றவுடன் என் தலைமுறையினரின் கண்ணுக்குள் வருவது, 1959இல் தொடங்கிய அடுத்த வடிவம்: பின்னால் மீன் துடுப்புபோல் இரண்டு முனைகள் எழும்பிய, பெட்டி போன்ற உடலமைப்புள்ள ஆக்ஸ்ஃபோர்ட். அந்த வேறுபாட்டைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அளவு மட்டும் சரியாக இருந்திருந்தால், முன்பக்கக் கம்பி வலையை மாற்றி, கேட்டிலிருந்து நான்காவது வண்டியாக நிறுத்தி, வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். (தமிழர் ஒருவர் கேட்கிறாரே, அம்பாசிடர் என்றால் மகிழ்ந்துபோவார் என்று கடைப் பையன் நினைத்திருக்கலாம் என்பது என் மனைவியின் ஊகம். அந்த அன்புக்கு நன்றி.)

திருப்பிக் கொடுக்கச் சென்றபோதுதான் நான் நிலைகுலைந்தேன். பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்றார்கள். திறக்காத மற்ற மூன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவை ஒரே தொகுப்பாக விற்கப்பட்டவை என்றார்கள். அளவு பெட்டியில் அச்சிடப்படவில்லை. அச்சிடப்படாததால் அளந்துதான் பார்க்க வேண்டும். அளக்க வேண்டுமானால் திறக்க வேண்டும். திறந்தால் பொருள் என்னுடையது. இந்த வட்டத்துக்குள் ஒரு வாடிக்கையாளர் எந்த இடத்தில் நின்று தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்பதை எனக்கு யாராவது விளக்கினால் கடமைப்பட்டிருப்பேன். நான் கேட்பது ஒட்டுத்தாளில் இரண்டு வரி. அளவு விகிதம் ஒரு வரி, ஆண்டு ஒரு வரி. வண்டியின் நீளத்தை மில்லிமீட்டரில் சேர்த்துப் போட்டால் உங்கள் பெயரைச் சொல்லி விளக்கேற்றுவேன்.

1:87தான் வேண்டும் என்று ஏன் அடம் பிடிக்கிறேன் என்று புதியவர்கள் கேட்கக்கூடும். நம் தீவில் தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை ஓடிய ரயில் பாதை மீட்டர் பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். ஆயிரம் மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு மிக நெருக்கமானது. சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதை மலை ரயில்களுக்காக அது தொடர்ந்து தயாரிக்கப்பட்டும் வருகிறது. ஆகவே என் தளம், அதில் உள்ள கேட், கேட்டருகே கொடி பிடித்து நிற்கும் பத்தொன்பதரை மில்லிமீட்டர் உயரத்து மனிதர் எல்லாம் 1:87. சாலை மட்டும் வேறு கணக்கில் இருக்க முடியாது.

இங்கேதான் உங்கள் பெட்டிகளின் மேலும் இணையப் பட்டியல்களிலும் காணப்படும் "எச்ஓ/ஓஓ" என்ற குறிப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எச்ஓ என்பது 1:87. ஓஓ என்பது பிரிட்டிஷ் ரயில் தளங்களுக்கான 1:76. இரண்டும் ஒரே அகலத் தண்டவாளத்தில் ஓடுகின்றன என்பதற்காக இரண்டும் ஒரே அளவு ஆகிவிடா. ஒரு காரை ஓஓ அளவில் செய்தால் அது எச்ஓ காரைவிட 14 விழுக்காட்டுக்கு மேல் நீளமாக இருக்கும். நான் தேடும் டாக்சி 51க்குப் பதிலாக 58 மில்லிமீட்டர் ஆகிவிடும். பேருந்து என்றால் வேறுபாடு ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வந்துவிடும். அந்த ஒரு சாய்கோட்டை நம்பி நான் வாங்கிய பெட்ஃபர்ட் லாரிகளும் மோரிஸ் மைனர் கார்களும் ஒரு காலணிப் பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாம் அழகானவை, எல்லாம் சரியான காலத்தவை, ஒன்றுகூட என் சாலையில் நிற்கத் தகுதியுள்ளதல்ல. "என்" (N) என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் இன்னும் சிறிய அளவில் தளம் வைத்திருக்கும் நண்பர்கள் இதைவிடப் பாவப்பட்டவர்கள். ஒரே 9 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு ஜப்பானியர் 1:150 என்றும், பிரிட்டிஷார் 1:148 என்றும், ஜெர்மானியர் 1:160 என்றும் வண்டி செய்ய, கடைப் பெட்டியில் வெறும் "என்" என்று எழுதியிருக்கும்.

ஆண்டு எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். என் தளத்தில் இருப்பது சுவா சூ காங் சாலையின் ரயில் கேட், 1967ஆம் ஆண்டு. என் தந்தை ரயில்வேயில் கேட்டுக்காரராக வேலை பார்த்தவர். பள்ளி விட்டதும் நான் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கேட் சாத்தப்படும்வரை காத்திருப்பேன். ரயிலைப் பார்ப்பதைவிட, ரயிலுக்காக நிற்கும் வண்டிகளைப் பார்ப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். பண்ணைகளிலிருந்து பன்றிக் கூடைகள் ஏற்றி வந்த லாரி நிற்கும். அதன் நாற்றத்துக்கு அஞ்சி இரண்டு வண்டி தள்ளி மஞ்சள் கூரை டாக்சி நிற்கும். தெங்கா விமானத் தளத்துக்குப் போகும் பிரிட்டிஷ் விமானப்படையின் நீலச்சாம்பல் நிறப் பெட்ஃபர்ட் லாரி நிற்கும். சற்றுத் தொலைவில் உட்லண்ட்ஸ் சாலையில் கிரீன் பஸ் கம்பெனியின் பேருந்து புகை கக்கிக்கொண்டு போகும். இந்த வரிசையில் எதையும் நான்கு ஆண்டு நகர்த்திப் பாருங்கள். 1971இல் அந்தப் பேருந்துக் கம்பெனி பெரிய கம்பெனியாக இணைக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு பிரிட்டிஷ் படை தெங்காவை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டது. கேட்டுக்கு முன் நிற்கும் வண்டி வரிசையே ஆண்டைச் சொல்லிவிடும். அதில் 1978ஆம் ஆண்டு ஜப்பானியக் கார் ஒன்று நின்றால், ரயில், கேட், சிக்னல், கொடி எல்லாம் சரியாக இருந்தும் என் தந்தை அங்கே நிற்க முடியாது. அவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

"பழைய கார்" என்று மட்டும் பெட்டியில் எழுதினால் இந்தக் கணக்கு எப்படித் தீரும்? உங்களுக்கு 1950ஆம் பழையது, 1985ஆம் பழையது.

ஜெர்மானியத் தயாரிப்பாளர்களின் 1:87 வண்டிகளைப் பற்றியும் ஒரு சொல். அளவில் அவை அணுவும் பிசகுவதில்லை. ஃபோக்ஸ்வேகன் "வண்டு" காரும் மெர்சிடிஸ் காரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருக்கும். ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம். உடலைக் கழற்றி, அரிசி மணியளவுள்ள சக்கரத்தைக் கத்தி முனையால் பெயர்த்து வலப்பக்கம் ஒட்டும் வேலையை நானே செய்துகொள்கிறேன். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. என்னால் திருத்த முடிந்ததை நான் திருத்திக்கொள்வேன். ஒரு காரை 16 மில்லிமீட்டர் சுருக்குவது என்னால் ஆகாத காரியம்.

"முப்பரிமாண அச்சில் நீங்களே செய்துகொள்ளலாமே" என்று அறிவுரை சொல்பவர்களுக்கும் பணிவான பதில் ஒன்று உண்டு. 1957இல் இங்கு வந்த இங்கிலிஷ் எலெக்ட்ரிக் டீசல் எஞ்சினை நான் அப்படித்தான் செய்தேன், ஏனெனில் அதை என் அளவில் விற்பவர்களை நான் கண்டதில்லை. எட்டு மாதம் ஆயிற்று. சாலையில் நிற்க எனக்கு இருபது வண்டியாவது வேண்டும். அவற்றில் பாதி எங்கோ ஒரு கடையில், எழுதப்படாத ஒரு பெட்டிக்குள், சரியான அளவில் காத்திருக்கக்கூடும் என்ற எண்ணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. இந்த ஊரில் உண்மையான கார் ஒன்றை வாங்கினால் அதன் தயாரிப்பு, வகை, ஆண்டு, எஞ்சின் கொள்ளளவு எல்லாம் ஆவணத்தில் ஏறிவிடும். பத்தாண்டுக்கு உரிமைச் சான்றிதழ் வேறு. தஞ்சோங் பகார் நிலையத்தில் 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் புறப்பட்டபோது ஊரே திரண்டு படம் எடுத்தது. நிலையம் தேசிய நினைவுச் சின்னம் ஆயிற்று. பாதையோ 24 கிலோமீட்டர் பசுமை வழியாயிற்று. அந்த ரயிலுக்காகக் கேட்டில் காத்துக்கிடந்த டாக்சிகள் பழைய இரும்பாய்ப் போயின. அவற்றின் முக்கால் அங்குல உயரப் பொம்மையாவது சரியாகக் கிடைக்கட்டும் என்றால், பொம்மை இப்போது முதலீடு ஆகிவிட்டதாம். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் விலை ஏறுமாம். உள்ளே இருப்பது காரா, கத்தரிக்காயா என்று ஒருபோதும் பார்க்கப்போகாதவர்களை மனத்தில் வைத்துத்தான் உங்கள் திருப்பியளிப்பு விதியும் எழுதப்பட்டிருக்கிறது போலும்.

மன்னிக்கவும், சற்றுத் தடம் மாறிவிட்டேன். உங்கள் வாடகையும் கப்பல் கூலியும் நான் அறியாதவை அல்ல. ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் போய்ப் பெட்டியை மாற்றச் சொல்லி வாதாட உங்களால் முடியாது என்பதும் தெரியும். ஆயினும், பெட்டியின் மேல் விலைத்தாளை ஒட்டுகிறீர்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் காசு பிசகாமல் கணக்கிடுகிறீர்கள். அந்தத் தாளிலேயே 1:87 அல்லது 1:76 அல்லது 1:64 என்று எழுதுங்கள், சாய்கோடு போடாதீர்கள். கூடவே, வண்டி எந்த ஆண்டுகளுக்கு உரியது என்று எழுதுங்கள். தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதுவும் எங்களுக்குப் பயனுள்ள செய்திதான். தவறான குறிப்பை நம்பி ஒருவர் பெட்டியைத் திறந்துவிட்டால், ஏழு நாளுக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். புதிய சரக்கு வரும்போது ஒரே ஒரு பெட்டியைக் கடையிலேயே திறந்து, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுத்துப் பட்டியலில் போட இயலுமானால் மிக்க நன்றி. ஒட்டுத்தாள் எழுதும் வேலைக்கு ஆளில்லை என்றால், சனிக்கிழமைகளில் நான் இலவசமாக வந்து எழுதித் தரத் தயார். அடிக்கோலும் என்னிடமே இருக்கிறது.

அந்த நான்கு அம்பாசிடர்களும் இப்போது என் மேசை இழுப்பறையில் உள்ளன. 1:64 அளவில் சென்னைத் தெருவோ டெல்லித் தெருவோ கட்டுபவர் யாரேனும் உங்கள் கடைக்கு வந்தால் என்னிடம் அனுப்புங்கள், விலையின்றித் தருகிறேன். ஒரு பெட்டி மட்டும் திறந்திருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
சுவா சூ காங் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர்