கியூ தோட்டத்தில் பாதியில் நின்ற பேச்சு

பாப்பா,

அப்பாவின் தலைத்திவசம் முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நீ போனில் கேட்டதற்குப் பதில்: நான் லண்டனுக்கு வந்து உங்களோடு இருக்கப்போவதில்லை. நேரில் சொன்னால் நீ அழுவாய், நான் சரி என்றுவிடுவேன். நாலு பேர் பார்க்க எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது. அந்த நாலு பேரில் நம் சொந்தக்காரர்களும் உண்டு என்பதால் வீட்டு விஷயத்தை இங்கே பேசவில்லை.

நான் லண்டன் வந்திருந்தபோது நாம் போன கியூ தாவரவியல் தோட்டத்தில் அந்தச் செங்கல் கட்டடம். நீ பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். சுவர் முழுக்க, சட்டத்தோடு சட்டம் ஒட்டி, 800க்கும் மேல் எண்ணெய் ஓவியங்கள். எல்லாம் மரியான் நார்த் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பெண் ஒருத்தி வரைந்தவை. கீழே 246 வகை மரப்பலகைகள். செடியை மட்டும் வெள்ளைத்தாளில் தனியாக வரையாமல், அது வளரும் மலையும் வெளிச்சமுமாக வரைந்திருந்தாள்.

பூச்சி தின்னும் குடுவைச் செடியான நெப்பந்தஸின் படத்தை விட்டு நான் நகரவில்லை. வருஷா வருஷம் கரும்பலகையில் அந்தக் குடுவையைப் போட்டு பாகம் குறித்தவள் நான், ஒரு செடியைக்கூட நேரில் கண்டதில்லை. இங்கே பச்சைக் குடுவையில் சிவப்புத் திட்டுகள், சாய்ந்த மூடி, விளிம்பில் நெருக்கமாக வரிகள். 1876இல் போர்னியோ தீவின் சரவாக்கில் அவள் வரைந்தது. அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்து நர்சரிக்காரர்கள் ஆள் அனுப்பிச் செடியைத் தேடினார்கள். கியூ தோட்டத்தின் அன்றைய இயக்குநர் ஹூக்கர் அதற்கு நெப்பந்தஸ் நார்த்தியானா என்று அவள் பெயரையே வைத்தார்.

நீ பெஞ்சில் இருந்தபடியே உன் போனில் அவள் கதையைப் படித்துச் சொன்னாய். அம்மா சாகும்போது, அப்பாவை விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தவள். 1869இல் அப்பா போனபோது வயது 39. அப்புறம்தான் ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், இலங்கை. நம் தஞ்சாவூருக்கே வந்து நீதிபதி பர்னலின் வீட்டில் தங்கியிருக்கிறாள். "உன்னை மாதிரியே அக்கா. அப்பாவுக்கு அப்புறம்தான் இவளுக்கு வாழ்க்கையே ஆரம்பிச்சிருக்கு" என்றாய்.

"அப்பா சாகக் காத்திருக்கேன்னு சொல்றியா?" என்று கத்தினேன். குழந்தை வீறிட்டது. வீடு வரும்வரை உன் முகத்தையே பார்க்கவில்லை. மன்னித்துவிடு பாப்பா. நீ அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. ஆனால் நீ சொன்னதை நானே ராத்திரிகளில் நினைத்திருந்தேன், அதனால்தான் அப்படிச் சுட்டது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பதினோரு வருஷம் அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டபோது உனக்கு வார விடுமுறையில்தானே போன் செய்ய நேரம் இருந்தது? மரியானின் தங்கையும் கல்யாணமாகிப் போனவள்தான். மரியானுக்கு அப்பாதான் உயிர். எனக்கும்தான். ஆனால் அவளிடம் பணம் இருந்தது, எனக்கு இல்லை. இருந்திருந்தால் ஒரு ஆளையாவது போட்டிருப்பேன். சரி, அதை விடு. நீ அனுப்பிய பணத்தில்தான் அப்பாவின் ஆபரேஷன் நடந்தது. அதை மறந்து பேசினால் நாக்கு அழுகிவிடும்.

உன் பிள்ளைகள்மேல் ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. சின்னவன் வீடியோவில் "பெரிம்மா" என்று கூப்பிட்டால் அன்று முழுக்க அது காதில் இருக்கும். ஆனால் அங்கே வந்தால் மறுபடியும் அடுப்படியும் மருந்து டப்பாவும்தான். மரியான் 1885 வரை ஊர் ஊராக ஓடினாள், உடம்பு கெட்டு 1890இல் போய்விட்டாள். எனக்கு இப்போதே 51.

அந்தச் செங்கல் கட்டடத்தின் வாசலில் தேயிலையும் காபியும் வரைந்திருக்குமே, நினைவிருக்கிறதா? வருகிறவர்களுக்கு டீ, காபி கொடுக்க வேண்டும் என்று அவள் கேட்டு, ஹூக்கர் முடியாது என்றதால், செடிகளையாவது கதவுமேல் வரைந்து வைத்தாள். அன்று அதை உனக்குக் காட்ட நினைத்தேன். கோபத்தில் காட்டவில்லை.

விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. மார்ச்சில் சரவாக்கின் தலைநகர் குச்சிங் போகிறேன், அங்கிருந்து சுண்ணாம்பு மலைப்பக்கம். வாட்டர்கலர் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். சின்னவனுக்கு என்ன நிறத்தில் குடுவை வேண்டும் என்று கேட்டுச் சொல்.

அக்கா