அந்த ஓர் அடி ஃபிலிம்

அண்ணா,

இன்றோடு அம்மா போய் 35 வருஷம். காலையிலிருந்து உன் போனுக்காகக் காத்திருந்தேன். நீயும் என் போனுக்காகக் காத்திருந்திருப்பாய். பேசினாலும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் ஏன் என்று உனக்குக் கோபம் வரும். அம்மா இருந்த ஃபிலிம் சுருளை வெட்டிக் கல்லூரியில் நான் செய்த அந்தப் படத்தை, நாலு பேர் முன்னால் ஓட்டியவள் நான். மன்னிப்பை மட்டும் ஒளித்துக் கேட்க மனசு வரவில்லை.

திரையிடல் முடிந்து விளக்குப் போட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். நீ கடைசி வரிசையிலிருந்து நேராக என்னிடம் வந்தாய். "அம்மா கையாட்டுவாளே, அது எங்க?" என்றாய். "அந்த வெள்ளைதான் அண்ணா அது" என்றேன். நீ தலையை ஆட்டினாய். ஆசிரியர்களுக்கு வணக்கம் சொன்னாய். போய்விட்டாய். திட்டியிருந்தால் 22 வருஷம் இது என் தொண்டையில் நின்றிருக்காது.

அப்பா எடுத்த அந்தச் சூப்பர் 8 சுருள், வீட்டுக் கேமராவில் ஓடுகிற சின்ன ஃபிலிம், மொத்தமே 50 அடி. ஓடுவது 3 நிமிடம் 20 விநாடி. அதில் அம்மா கையாட்டுவது 4 விநாடி. விநாடிக்கு 18 ஃபிரேம், அதாவது 18 தனித்தனிப் படம் என்றால் 72 ஃபிரேம், சரியாக ஓர் அடி, பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். அதைத்தான் வெட்டி எடுத்துத் துணி வெளுக்கிற பிளீச்சில் போட்டேன். ஃபிலிமில் நிறம் மூன்று அடுக்கு. மேலே மஞ்சள், நடுவில் மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு ரோஸ், அடியில் சியான் என்கிற பச்சை கலந்த நீலம். மஞ்சள் முதலில் கரைந்தது. அம்மா நீலமானாள். பிறகு வெளிறினாள். அப்போதே எடுத்துத் தண்ணீரில் அலசியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எடுக்கவில்லை. அழகாக இருந்தது, அண்ணா. அதை மறைத்தால் இந்தக் கடிதமே பொய்.

அது ரிவர்சல் ஃபிலிம். கேமராவுக்குள் ஓடிய அதே துண்டுதான் திரையிலும் ஓடும், நெகட்டிவ் கிடையாது. எங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தந்தது அது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எனக்கு அம்மா முகம் மறந்துகொண்டிருந்தது. அவள் போகும்போது எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினாறு. உனக்கு இருக்கிற அம்மா எனக்கு இல்லை. மறப்பது எப்படி இருக்கும் என்று காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. அமெரிக்காவில் பரிசோதனைப் படங்கள் எடுத்த ஸ்டான் பிராக்கேஜ் 1963-ல் கேமராவே இல்லாமல், அந்துப்பூச்சி இறகையும் இலையையும் டேப்புக்கு நடுவே ஒட்டி ஒரு படம் செய்தார். அதை வகுப்பில் பார்த்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஃபிலிம் என்பது தொடக்கூடிய பொருள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் படித்தது பரீட்சை இல்லாத, மதிப்பெண் இல்லாத கல்லூரி. என்ன படிக்கப் போகிறேன் என்று நானே எழுதிக் கொடுத்தேன். முடிவில் ஆசிரியர் மதிப்பீட்டுக் கடிதம் எழுதினார். அதில் துணிச்சல் என்ற சொல் இரண்டு முறை வந்தது. வேறு பிரதி இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. ஒன்பது வருஷம் அந்தச் சுருள் உன் பீரோவில் கிடந்தது. புரொஜெக்டர் பெல்ட் அறுந்ததை நீ மாற்றவே இல்லை. நான் டப்பாவைத் திறந்தபோது வினிகர் வாசம் அடித்தது, அசிடேட் ஃபிலிம் அழுகத் தொடங்கினால் அப்படித்தான் அடிக்கும். நீ பத்திரப்படுத்தினாய், நான் அழித்தேன் என்று வீட்டில் எல்லோரும் பேசியது எனக்கு எட்டியது. என் படிப்பை வெளியே வேறு பெயரில்தான் சொன்னாய். மதிப்பெண் இல்லாமலும் படிக்கலாம் என்று காட்ட, அமெரிக்காவில் 1933-ல் தொடங்கிய பிளாக் மவுண்டன் கல்லூரியைச் சொன்னேன், இசையமைப்பாளர் ஜான் கேஜ் சொல்லிக்கொடுத்த இடம். "அதான் 57-ல மூடிட்டாங்களே" என்றாய். தேடிப் படித்திருக்கிறாய் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பணம் கட்டியதும் நீதான்.

அந்த டிசம்பரைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும், அது போதும்.

படத்தை மறுபடி திரையிடக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் போடவில்லை. இந்த முறை உன்னைக் கேட்காமல் போடமாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.

மிச்சச் சுருளை ஸ்கேன் செய்துவிட்டேன், நாளை கூரியரில் வரும். அந்த ஓர் அடி தனியாகச் சின்ன டப்பாவில் இருக்கிறது. 72-ல் 9 ஃபிரேமில் விரல்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார். ஓரத்தைப் பிடித்துக்கொள், நடுவில் விரல் படவேண்டாம்.