சிவப்பு எழுத்தை மறைக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் கற்பித்து வருகிறேன். ஆய்வேட்டுக் காலம் வந்துவிட்டால் பிள்ளைகள் மடிக்கணினியும் கையுமாக வந்து நிற்பார்கள். அனேகமாக எல்லோரிடமும் இருப்பது புள்ளிவிபரக் கணிப்புகளுக்கான ‘ஆர்’ மென்பொருள்தான். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத அந்த மென்பொருள் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு.

அதற்கு உலகெங்கும் உள்ளவர்கள் எழுதிச் சேர்த்த மேலதிக பெக்கேஜ்கள், அதாவது கட்டளைத் தொகுப்புகள், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒருவரைக் கேட்டு மற்றவர் பெயர் வைப்பதில்லை. ஆகவே ஒரே பெயருள்ள சார்பு (ஒரு வேலையைச் செய்து தரும் கட்டளை) இரண்டு பெக்கேஜ்களில் இருந்துவிடுவதுண்டு. அப்போது கடைசியாக ஏற்றியதே செயற்படும், முந்தியது மறைக்கப்பட்டுவிடும். மென்பொருள் இதை ஒளிப்பதில்லை. எது எதை மறைக்கிறது என்று ஏற்றும்போதே சிவப்பு எழுத்தில் சொல்லிவிடுகிறது.

என்னை வருத்துவது, அந்த அறிவித்தலையே வாயடைக்கும் கட்டளையோடு பல நிரல்கள் தொடங்குவதுதான். கேட்டால், “வகுப்பில் அப்படித்தான் போடச் சொன்னார்கள், மிஸ்” என்கிறார்கள்.

இதனால் வரும் கேட்டுக்கு ஓர் உதாரணம். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கைகளிலிருந்து டெங்கு எண்களைத் தொகுத்திருந்தார் ஒரு மாணவி. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் சொந்தச் சராசரியைக் கணித்து, எந்த வாரங்கள் அதைத் தாண்டின என்று பார்ப்பது அவருடைய நோக்கம். மாவட்டவாரியாகப் பிரிக்க ‘டிப்ளையர்’ பெக்கேஜைப் பயன்படுத்தியிருந்தார். அதற்குப் பிறகு, வேறெதற்கோ ‘பிளையர்’ என்ற பழைய பெக்கேஜையும் ஏற்றியிருந்தார். இரண்டிலும் ‘மியூட்டேட்’ என்ற சார்பு உண்டு. பழையதற்கு மாவட்டப் பிரிப்பு எதுவும் தெரியாது. அது முழு நாட்டுக்கும் ஒரே சராசரியைக் கணித்து, கொழும்புக்கும் முல்லைத்தீவுக்கும் அதே எண்ணைப் போட்டுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வரைபடத்தில் கொழும்பு ஏறக்குறைய எல்லா வாரமும் அபாயத்தில் இருந்தது, முல்லைத்தீவு ஒரு வாரமும் இல்லை. கொழும்பில் டெங்கு அதிகம் என்பது ஊரறிந்த விடயம். பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இவ்வளவுக்கும் இரண்டு பெக்கேஜ்களையும் தொடக்கியவர் ஹட்லி விக்காம் என்ற ஒரே ஆள். டிப்ளையருக்குப் பின் பிளையரை ஏற்றினால் சிக்கல் வரும், முதலில் பிளையரை ஏற்றுங்கள் என்று டிப்ளையரே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைத்தான் முதல் வரியிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எல்லா மறைப்பும் இப்படி ஒளிந்திருப்பதில்லை. ‘மாஸ்’ என்ற இன்னொரு பெக்கேஜிலுள்ள ‘செலக்ட்’ என்ற சார்பு டிப்ளையரின் செலக்டை மறைத்தால் நிரல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மாணவர் பதறுவார், திருத்திக்கொள்ளலாம். சத்தமில்லாமல் தவறான விடை தருவதற்கே நான் அஞ்சுகிறேன். 2017இல் இந்நாட்டில் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். இப்படிப்பட்ட எண்களோடு விளையாட முடியாது.

தீர்வு கடினமானதல்ல. பெக்கேஜின் பெயர், இரண்டு முக்காற்புள்ளிகள், பிறகு சார்பின் பெயர் என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமே இல்லை. ‘கொன்ஃபிளிக்டட்’ என்றொரு பெக்கேஜ் இருக்கிறது. அதை ஏற்றி வைத்தால், இரண்டுக்கும் பொதுவான பெயரைப் பயன்படுத்தும் இடத்தில் நிரலை நிறுத்தி, எது வேண்டும் என்று கேட்கும். 2019இல் வந்த ஆர் 3.6.0 பதிப்பிலிருந்து, ஏற்றும்போதே இன்ன சார்பு வேண்டாம் என்று விலக்கவும் வழியுண்டு. ஏற்றும் வரிசையை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை நம்புவதில்லை. நாளைக்கு இன்னொருவர் நடுவில் ஒரு வரியைச் சேர்த்தால் வரிசை குலைந்துவிடும்.

பயிற்சி வகுப்பு நடத்துவோர் தங்கள் மாதிரி நிரல்களிலிருந்து அந்த முதல் வரியை எடுத்துவிட வேண்டும். ஆய்வேடுகளை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர்கள், பயன்படுத்திய பெக்கேஜ்களின் பட்டியலையும் பதிப்பெண்களையும் பின்னிணைப்பில் கட்டாயம் கேட்க வேண்டும். ‘செஷன் இன்ஃபோ’ என்ற ஒரே கட்டளை அதை எடுத்துக் கொடுத்துவிடும். அடுத்த ஆய்வேட்டுக் காலத்துக்கு முன்னரே இதைச் செய்யலாம்.

புள்ளிவிபரவியல் ஆசிரியை,
கொழும்பு – 06