ஆடியில் திருச்சியில் ஐந்து நாள்: இன்னும் 73,500 ரூபாய் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஜூலை 29 புதன்கிழமை முதல் ஆகஸ்ட் 2 ஞாயிறு வரை திருச்சியில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் ஓடுகிற கேடிஈ டெஸ்க்டாப்புக்காக ஒரு ஸ்பிரின்ட் (எல்லாரும் ஓரிடத்தில் கூடி வேலை செய்யும் முகாம்) ஏற்பாடு செய்திருக்கிறோம். நிரல் எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், சோதித்துப் பார்க்கிறவர்கள் எல்லாம் சேர்த்து 22 பேர். மொத்தச் செலவு 1,70,000 ரூபாய். இதை எழுதும்போது கையில் இருப்பது 96,500. ஜூன் 20 சனிக்கிழமைக்குள் மண்டபத்துக்கு முழு வாடகையையும் கட்டியாக வேண்டும். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, இப்போதே சில வண்டிகளில் வெயிட்டிங் லிஸ்ட்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். கேடிஈ டெஸ்க்டாப்பின் அடுத்த பதிப்பான பிளாஸ்மா 6.8 இந்த ஆண்டு அக்டோபரில் வர வேண்டும், அதில் எக்ஸ்11 (செயலிகளைத் திரையோடும் விசைப்பலகையோடும் இணைக்கும் பழைய ஏற்பாடு) அமர்வு இருக்காது, அதன் இடத்துக்கு வந்த வேலாண்ட் மட்டும்தான் என்று கேடிஈ போன நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. எக்ஸ்11 என்பது 1987-இல் வந்த சரக்கு, அதை எத்தனை காலம்தான் முட்டுக் கொடுத்து நிறுத்துவது, அந்த முடிவில் எங்களுக்கு வருத்தம் இல்லை. வருத்தம் தமிழ்த் தட்டச்சில்தான். எக்ஸ்11-இல் இரண்டு மூன்று சூழல் மாறிகளை (சின்ன அமைப்பு வரிகள்) போட்டுவிட்டால் ஐபஸ், எஃப்சிடிக்ஸ் என்ற உள்ளீட்டு முறை மென்பொருள்களில் ஒன்று எப்படியாவது செயலிக்குள் புகுந்து எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வேலாண்டில் நடுவில் கேடிஈயின் சாளர மேலாளரான கேவின் உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்துக்குப் போய் எஃப்சிடிக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மேசைமேல் நிஜ விசைப்பலகை இருக்கும்போது மெய்நிகர் பக்கம் யார் போவார்கள்?

போய்த் தேர்ந்தெடுத்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. தமிழ்99 விசைப்பலகையில் அ, ம, ம, ஆ என்று நாலு விசை தட்டினால் அம்மா வர வேண்டும், ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும், அதுதான் அந்த விசைப்பலகையின் அழகே. அதற்கு உள்ளீட்டு முறைக்கு முந்தைய எழுத்து எது என்று தெரிய வேண்டும். எங்கள் சோதனையில் சில செயலிகளில் நடுவழியிலேயே எழுத்து உறுதியாகிவிடுகிறது, புள்ளி விழாமல் ‘அமமா’ என்று நிற்கிறது, இன்னும் சிலவற்றில் துணைக்கால் மட்டும் தனியாகக் கழன்று, ஒரு புள்ளிவட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழிக்கிறது. லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் எக்ஸ்கேபி என்ற விசைப்பலகைத் தளவமைப்பில் தமிழ்நெட்99 இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கிறது, ஆனால் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது, தானாகப் புள்ளி வைக்காது. ஆக இதை உட்கார்ந்து ஒவ்வொரு செயலியாகத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து, கேவினிலோ, கேடிஈ செயலிகளுக்கு அடித்தளமான க்யூட்டி நூலகத்திலோ, எஃப்சிடிக்ஸிலோ உரிய இடத்தில் திருத்தம் அனுப்ப வேண்டும். வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே எல்லாம் உறைந்துவிடும், அதற்குப் பிறகு அனுப்புவது அடுத்த பதிப்புக்குத்தான்.

வீட்டிலிருந்தே செய்யலாமே, எதற்கு மண்டபம், எதற்குச் சாப்பாடு என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் மூத்தவர்கள் சொன்ன பதிலையே இங்கே வைக்கிறோம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1996 அக்டோபர் 14 அன்று டியூபிங்கன் மாணவர் மத்தியாஸ் எட்ரிச் அழைப்பு விடுத்ததில் பிறந்தது கேடிஈ. மறு ஆண்டே அவர்கள் ஆர்ன்ஸ்பெர்க்கில் நேரில் கூடினார்கள். 1999-இல் எர்லாங்கனில் கூடியபோதுதான் செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைத்திருந்த கோர்பா நமக்குச் சரிப்படாது என்று ஒதுக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் டிகாப் பக்கம் திரும்பினார்கள். இன்று க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்போ கேடிஈயோ எதுவானாலும் உள்ளே ஓடுகிற டி-பஸ், அந்த டிகாப்பைப் பார்த்து உருவானது. 2000-இல் நார்வேயின் டிரிசில். 2011-இல் சுவிட்சர்லாந்தில், செர்மாட் போகும் வழியில் இருக்கும் ராண்டா என்ற மலைக் கிராமத்தில் தங்கி நிரல் நூலகங்களைப் பிரித்துப் போட்டுப் பேசினார்கள், அதிலிருந்துதான் 2014-இல் ஃபிரேம்வொர்க்ஸ் 5 என்ற நூலகத் தொகுப்பு வந்தது. பிந்தைய ராண்டா கூட்டங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இதே மாதிரி வேண்டுகோள் விட்டு, முகம் தெரியாதவர்கள் கொடுத்த சிறு தொகைகளிலிருந்து.

நம் பக்கமும் கதை சின்னதில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் இந்த விசைப்பலகையே முடிவானது. யூனிக்கோடு எல்லா இடத்துக்கும் வந்து சேராத அந்த நாளில் டிஸ்கி என்ற தமிழ்க் குறிமுறைக்கென்று, நார்வேயில் உருவான க்யூட்டி நூலகத்துக்குள்ளேயே ஒரு கோடெக் (எழுத்தை மாற்றித் தரும் நிரல்) இருந்தது தெரியுமா? இதைச் சொல்லும்போது எங்கள் குழுவில் மூத்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், என்னவோ அவரே நார்வேயில் உட்கார்ந்து எழுதியது போல. சென்னை ஐஐடி வளாகத்தில் மாதம் ஒருமுறை கூடிய லினக்ஸ் பயனர் குழுவுக்கு வெளியூரிலிருந்து பஸ் ஏறிப் போய், குறுவட்டு நகல் வாங்கிவந்து ஊரில் பத்துப் பேருக்கு நிறுவிக் கொடுத்தவர்கள் இவர்கள். அதெல்லாம் சொந்தக் காசு. யாரும் ரசீது கேட்கவில்லை.

சரி, கணக்கு. மண்டபம் வயலூர் சாலையில். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் நாளொன்றுக்கு 9,000 ரூபாய்க்கு இறங்கி வந்தார்கள், ஐந்து நாளுக்கு 45,000, மாடி அறைகளும் சேர்த்து. ஆவணி பிறந்தால் இந்த விலைக்கு வாசலில்கூட உட்கார விட மாட்டார்கள். சாப்பாடு ஒருவருக்கு நாளுக்கு 350 வீதம் 38,500. யாழ்ப்பாணத்திலிருந்து இருவர் வருகிறார்கள், பலாலியிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் போன ஆண்டுதான் வந்தது, போக வர விசா செலவோடு 32,000. மற்ற 14 பேருக்கு ஸ்லீப்பர் வகுப்பு, பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து தலைக்கு 1,400, ஆக 19,600. மீதி ஆறு பேர் உள்ளூர். இணைய இணைப்பு இரண்டு, ஒன்று விழுந்தால் இன்னொன்று, 9,000. ஜெனரேட்டர் டீசல் 8,000. பழைய மடிக்கணினிகளுக்குப் போட ஆறு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) 12,000. சில்லறைச் செலவு 5,900.

அந்த மடிக்கணினிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்தார்களே, இந்திய அரசு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உள்ளே இருந்ததே, அவற்றில் ஆறு எங்களுக்குக் கடனாகக் கிடைத்திருக்கின்றன. ஒன்றின் மூடியில் பிளஸ் டூ கால அட்டவணை இன்னும் ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த பிறகு இந்த மாதிரி எந்திரங்கள் வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கின்றன (முடிந்த தேதி 2025 அக்டோபர் 14, கேடிஈயின் பிறந்த நாள், தற்செயல்தான் என்று நம்புகிறோம்). இவற்றில் பிளாஸ்மாவும் தமிழும் ஒழுங்காக ஓடினால்தான் நாங்கள் செய்தது வேலை. புத்தம்புது எந்திரத்தில் ஓடுவது பெரிய விஷயமில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போக முடியாது. பெயர் போடக் கூடாது என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள், அதனால் பெயரில்லாமலே. மாதம் பிறந்தால் முதல் வாரத்தில் 500 ரூபாய் அனுப்பிவிடுகிற வங்கி ஊழியர் அக்காவுக்கு, ஒரு மாதம்கூட நாங்கள் நினைவூட்டியதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் பணி ஓய்வுப் பணத்திலிருந்து 10,000 கொடுத்தார், வேண்டாம் ஐயா, குறைத்துக் கொடுங்கள் என்றதற்கு ‘என் பேத்தி இதில் தட்டச்சு செய்வாள்’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். டிடிபி மையம் வைத்திருக்கும் அண்ணன் பணத்தோடு, தன் கடையில் நாள் முழுக்க எங்கே எழுத்து உடைகிறது என்று ஒரு நோட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறார், அந்த நோட்டு எங்களுக்குப் பணத்தைவிடப் பெரிது. ஒரே கல்லூரியில் படித்த ஒன்பது பேர் சேர்ந்து 18,000. பெங்களூரிலிருந்து வருகிற தம்பி கேவின் நிரலில் கை வைத்துப் பழகியவர், பயணச் செலவே வேண்டாம் என்கிறார். போன முறை அரிசியும் காய்கறியும் இறக்கிவைத்த மளிகைக்கடைக்காரர் இந்த முறையும் ‘அன்னதானம் என் கணக்கு, ஒரு வேளை மட்டும்’ என்றிருக்கிறார். அவர் கும்பிடும் சமயபுரத்தாள் அவர் கடையை நன்றாக வைத்திருக்கட்டும்.

இனி கொடுக்காதவர்களிடம் ஒரு வார்த்தை, கோபிக்கக் கூடாது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி என்றால் வெளிநாட்டில் இருந்தாலும் கட்டிவிடுகிறோம், கட்டாவிட்டால் ஊர் பேசும். இதுவும் பொதுச் சொத்துதான், ஆனால் இங்கே பேச ஊர் இல்லை. லினக்ஸ் தெரிந்ததால் வேலை கிடைத்து, அதில் வீடு கட்டி, கார் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும். தமிழ் சரியாக வரவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் பத்து வரி திட்டுகிறவர் ஒரு வழு அறிக்கை எழுதியதில்லை, நூறு ரூபாய் கொடுத்ததுமில்லை. யாரைச் சொல்கிறோம் என்று அவரவருக்குத் தெரியும். 100 ரூபாயும் பணம்தான், 735 பேர் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது.

கேடிஈயின் பின்னால் இருக்கும் ஜெர்மன் சங்கத்திடம் பயண உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறோமா என்று கேட்கிறார்கள். விண்ணப்பித்திருக்கிறோம். கிடைத்தாலும் அது செலவழித்த பிறகு ரசீது காட்டி வாங்குவது, ஜூன் 20-க்கு உதவாது. வந்தால் அந்தத் தொகை அடுத்த ஸ்பிரின்டுக்கு என்று எடுத்து வைக்கப்படும்.

அப்புறம் சில நடைமுறைகள். நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை இல்லை, 80ஜி வரிவிலக்கு கிடைக்காது, இதை முன்பே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கலாம். குடியுரிமை மாறியவர்களிடம் நாங்கள் வாங்க முடியாது, வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் இருக்கிறது, அவர்கள் ஜெர்மன் சங்கத்துக்கே நேரடியாகக் கொடுத்தால் அதுவும் நமக்கு வந்து சேர்ந்த மாதிரிதான். பணம் அனுப்பியதும் பொருளாளருக்கு ஒரு செய்தி போடுங்கள், பெயர் வெளியிடலாமா கூடாதா என்று அதிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு ஆகஸ்ட் 15-க்குள் வெளியிடப்படும், டீசல் பில் உட்பட.

பணம் கொடுக்க முடியாதவர்கள் பழைய மடிக்கணினி, நீள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், போர்வை எது இருந்தாலும் கொடுக்கலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பெயர் எழுதிக் கொடுங்கள். போன முறை வந்த மூன்று பாக்ஸ் யாருடையது என்று தெரியாமல் இன்னும் பொருளாளர் வீட்டில்தான் இருக்கின்றன.