தேர்தல் முடியும்வரை எங்கள் ரிவால்வரை வைத்திருக்கப்போகும் உங்களுக்கு

பெறுநர்: தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்கள், மாநகரக் காவல் ஆணையர்கள், காவல் நிலைய ஆய்வாளர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்கிறீர்கள். ஒப்படைப்பதில் எங்களுக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஒப்படைத்த பிறகு அது எப்படி வைக்கப்படுகிறது என்பதில்தான் வழக்கு. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-இலேயே வாக்குப்பதிவு முடிந்தாலும் எண்ணிக்கை ஜூன் 4 அன்றுதான் நடந்தது. அதற்கு மேல் ஒரு வாரம் கூட்டினால் ஏறத்தாழ மூன்று மாதம். முப்பது ஆண்டு துரு அண்டாமல் காத்த ரிவால்வர் கெட இந்த மூன்று மாதம் தாராளம்.

கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ள இது மிக்சி அல்ல. .38, .455, 9 மி.மீ. எல்லாம் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட குழல் அளவுகள் என்பதால், சாதாரண உரிமதாரரிடம் இருப்பது பெரும்பாலும் .32தான். ஒன்று கான்பூரில் செய்த ரிவால்வர், இல்லையென்றால் தாத்தா காலத்து பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லி. தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றது. வெப்லி அண்ட் ஸ்காட் பிரிட்டனில் துப்பாக்கி செய்வதை 1979-இலேயே விட்டுவிட்டது. அந்தத் துப்பாக்கியில் ஒரு கொக்கி உடைந்தால் கடையில் கேட்டு வாங்க முடியாது, தெருமுனை லேத்துக்கும் கொண்டுபோக முடியாது. பழுது பார்ப்பவரிடமும் உரிமம் இருக்க வேண்டும்.

அதன் மேலிருக்கும் கருநீல நிறத்தைப் பெயின்ட் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பூசியது அல்ல, இரும்பின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றிய மெல்லிய தோல். அந்தத் தோல் தானாகத் துருவைத் தடுக்காது, எண்ணெயைப் பிடித்துவைத்துக் காக்கும், அவ்வளவே. எண்ணெய் காய்ந்த இடத்தில் விரல் பட்டால் வியர்வையின் உப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே உப்பு. ஒரு வாரத்தில் கைரேகை அப்படியே செம்புள்ளியாக எழும்பும். எங்களிடமிருந்து நீங்கள் வாங்கும்போது பத்துப் பேர் கைமாற்றிப் பார்ப்பது இயல்புதான். பார்த்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து வையுங்கள். இந்த மடலில் நாங்கள் கேட்பவற்றில் மிக மலிவானது இதுதான்.

திறந்து பார்ப்பதிலும் ஒரு பாடம் உண்டு. இந்த .32 ரிவால்வர்கள் பெரும்பாலும் நடுவில் மடங்கித் திறப்பவை. இடப்பக்கக் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் கீழே சாயும், நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு தோட்டாக்களையும் வெளியே தள்ளும். குழலின் வாய் தரையைப் பார்த்தபடி மெல்லத் திறந்தால் ஒரு தோட்டா நழுவி அந்த நட்சத்திரத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் பல நட்சத்திரங்கள் வளைந்திருக்கின்றன. பாதுகாப்பான பக்கம் பார்த்து, விசையில் விரல் படாமல், வாயைச் சற்று மேலே தூக்கி ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். மூடும்போது இரு கையாலும் மூடுங்கள். சினிமாவில் போல மணிக்கட்டைச் சுண்டி மூடினால் கொக்கியும் கீலும் தேயும். கீல் தளர்ந்தால் குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடிவிடும். அந்த இடைவெளி 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருப்பது நல்லது. அதைத் தாண்டிக் கூடக் கூட வெடிவாயு பக்கவாட்டில் சீறும். காலி ரிவால்வரின் விசையைச் சும்மா சும்மா இழுத்து 'டிக் டிக்' என்று பார்க்கவும் வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் அன்பே ஆபத்தாகிறது. துப்பாக்கி காய்ந்திருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவி வைப்பவர்கள் உண்டு. அது நாள்பட்டால் காறி, பிசின்போல் ஒட்டும். உதகையிலும் கொடைக்கானலிலும் 24 டிகிரிக்குக் கீழே போனதும் உறைந்து உள்ளே விசையைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் அசையும் மூட்டுகளுக்கு நல்லது, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு போதும். ஆனால் மூன்று மாதம் தாங்கும் படலம் அதில் நிற்காது. வெளிப்பக்கத்துக்கும் குழலின் உள்ளுக்கும் துருத்தடுப்புக்கென்றே விற்கும் கனிம எண்ணெய்தான் வேண்டும், அதுவும் பளபளக்கும் அளவு மட்டும். வழியும் அளவு ஊற்றினால் மரப்பிடி ஊறி மெத்தென்று ஆகிவிடும். தோட்டாக்களுக்கு எண்ணெயே ஆகாது. அது கேப் (தோட்டாவின் அடியில் அடிபட்டுத் தீப்பொறி தரும் சிறு மூடி) வழியாக உள்ளே கசிந்து மருந்தைக் கெடுக்கும், வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காது. தோட்டாக்களை எண்ணி எழுதி, தனி டப்பாவில் வையுங்கள்.

தோல் உறையோடு வாங்கி அப்படியே அடுக்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தோலைப் பதப்படுத்திய உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும், ஈரத்தையும் அது உறிஞ்சும். உறைக்குள் கிடந்த பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக்கும் அதே கதிதான். உறையைத் தனியே கட்டுங்கள். பாலிதீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுவதும் உதவாது. பகலில் சூடேறி இரவில் குளிரும் அறையில் பையின் உள்ளே வேர்க்கும், அந்த நீர் போக வழி இருக்காது. செய்தித்தாளும் காட்டன் வேஸ்டும் ஈரப் பஞ்சு மாதிரிதான். பெயர்ச் சீட்டைச் சணல் கயிற்றால் விசைக் காப்பு வளையத்தில் கட்டுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கயிறு சுற்றிய இடத்தில் மோதிரம் போலத் துரு இருக்கும். சீட்டைப் பெட்டியில் ஒட்டினால் போதுமே.

செய்யக்கூடியது இதுதான். ஒப்படைக்கும் நாளில் உரிமையாளருக்கு நிலையத்திலேயே அரை மணி நேரம் கொடுங்கள். சிலிண்டரின் ஆறு அறைகளும் காலி என்று உங்கள் கண்முன் காட்டிவிட்டு, பாஸ்பர் வெண்கலத் தூரிகையை அவர் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் செலுத்தித் துடைப்பார். மடங்கித் திறக்கும் ரிவால்வரில் இது எளிது. பழைய குளோரேட் கேப் தோட்டா சுட்ட குழலென்றால் அதில் உப்பு தங்கியிருக்கும். அதை எண்ணெய் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். இந்த வெந்நீர் வேலையை மட்டும் வீட்டிலேயே முடித்துவிட்டு வரும்படி அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்க்கலாம். பிறகு எண்ணெய்ப் படலம், துருத்தடுப்புக் காகிதம், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். நீலமாக இருந்து இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். டப்பாவையும் பொட்டலத்தையும் நாங்களே வாங்கித் தருகிறோம், அரசுக்கு ஒரு பைசா செலவு வேண்டாம்.

மூடிய டப்பா வேண்டும் என்பதற்குக் குளவியும் ஒரு காரணம். திறந்த அலமாரியில் கிடக்கும் குழல் மண்குளவிக்கு வாடகையில்லா வீடு. உள்ளே மண்ணடைத்த குழலில் சுட்டால் குழல் உப்பும், சில சமயம் பிளக்கும். திருப்பித் தரும்போது வெளிச்சத்தில் குழலின் உள்ளே பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது இரு தரப்புக்கும் நல்லது. வாங்கும்போதே இரு பக்கமும் புகைப்படம் எடுத்து ரசீதோடு இணைத்தால், 'இது முன்பே இருந்த துரு' என்ற வாக்குவாதமே வராது.

துரு வந்துவிட்டால் தயவுசெய்து உப்புத்தாளை எடுக்காதீர்கள். உப்புத்தாள் நீலத்தை மட்டுமல்ல, வரிசை எண்ணையும் தேய்க்கும். ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அந்த எண்ணை அழிப்பதைக் குற்றம் என்கிறது. நல்லெண்ணத்தில் நிலையத்தில் தேய்த்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமதாரர்! எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய எஃகுப் பஞ்சு, எழுத்துள்ள இடத்தை விட்டு, அதையும் மாவட்ட ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் கையால் மட்டும்.

அந்த ஆர்மரரைப் பற்றியே ஒரு கேள்வி. சொத்து அறையில் சாராயக் கேன்களோடும் மணல் மூட்டைகளோடும் துப்பாக்கி கிடப்பதைவிட, ஆயுதப்படைக் கிடங்கில் கிடக்கலாமே? சட்டத்தின் 21-ஆவது பிரிவு காவல் நிலையத்தோடு உரிமம் பெற்ற வணிகரையும் ஒப்படைக்கும் இடமாக ஏற்கிறது. அந்த வழியைத் தேர்தல் காலத்திலும் திறந்துவிடுங்கள்.

தேர்தலாவது மூன்று மாதத்தில் முடிகிறது. உரிமதாரர் இறந்துவிட்டால் அப்படி இல்லை. வாரிசுக்கு உரிமம் வரும்வரை துப்பாக்கி பெரும்பாலும் நிலையத்தில்தான், எத்தனை மழைக்காலம் போனாலும். 2016 ஆயுத விதிகளின் 25-ஆவது விதி, உரிமதாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசைக் குறிப்பிட்டு மாற்ற வழி தருகிறது. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. உரிமம் புதுப்பிக்க வரும் பெரியவர்களிடம் உங்கள் பிரிவு எழுத்தரே இதைச் சொல்லலாம். அந்த மனுக்களைத் துப்பாக்கி உள்ளே வந்த பிறகு அல்லாமல், வருவதற்கு முன்பே முடித்துக்கொடுங்கள். ஏற்கெனவே நிலையங்களில் வாரிசுக்காகக் காத்துக் கிடப்பவற்றை இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை ஆர்மரரைக் கொண்டு திறந்து, துடைத்து, எண்ணெயிட்டு மூடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியை நெடுங்காலமாக வைத்திருப்போர்