ஆங்கில இறந்தகாலம் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அதற்கான பாடநூல்களும் பயிற்சிக் கையேடுகளும் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் ஒருவர் போன வாரம் ஒரு பத்தி எழுதிக் கொண்டுவந்தார். முதல் வரியே இப்படி இருந்தது: ‘ஐ ஹேட் கான் டு த லைப்ரரி எஸ்டர்டே.’ ‘ஹேட் கான்’ என்பதை அடித்துவிட்டு ‘வென்ட்’ என்று எழுதினேன். அவர் விடவில்லை. “நேற்று நூலகத்துக்குப் போயிருந்தேன் என்றுதானே சொல்ல வந்தேன். போயிருந்தேன் என்றால் ஹேட் கான் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே?” என்று கையேட்டைத் திறந்து காட்டினார். போட்டுத்தான் இருந்தது. இடது பக்கம் ‘போயிருந்தேன்’, வலது பக்கம் ‘ஹேட் கான்’, நடுவில் ஒரு சமக்குறி.

அந்தச் சமக்குறியைப் பற்றித்தான் இந்த மடல்.

நானும் அப்படித்தான் படித்தேன். பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணை, அதில் இறந்தகாலத்துக்கு நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு ஆங்கில வாக்கியமும் அதற்கு ஒரு தமிழும். அட்டவணையை முழுக்க ஒப்பிப்பேன். ஆனால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் எழுதச் சொன்னால் தாள் முழுக்கச் சிவப்பு. ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை, ‘தமிழில் யோசிக்காதே’ என்று மட்டும் சொன்னார்கள். பல வருடம் கழித்துத்தான் புரிந்தது: தமிழில் யோசித்தது தப்பே இல்லை. தமிழ் வினை என்ன சொல்கிறது என்பதை ஊன்றிப் பார்க்காமல் விட்டதுதான் தப்பு.

‘நேற்று நூலகத்துக்குப் போயிருந்தேன்’ என்று எப்போது சொல்கிறோம்? போய்விட்டுத் திரும்பி வந்தாயிற்று, அங்கே நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லப் போகிறோம், அதற்கு முன்னுரையாக இந்த வரி. கேட்கிறவரும் ‘சரி, அப்புறம்?’ என்பார். தமிழில் ‘இருந்தேன்’ இந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹேட்’ செய்வது வேறு வேலை. கடந்த காலத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, அதற்கும் முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்வது. அந்தப் புள்ளி இல்லாமல் ‘ஹேட்’ வந்தால், ‘எதற்கு முன்னால்?’ என்று கேட்கிறவர் காத்துக்கொண்டே இருப்பார். ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால் நான் போய்ச் சேர்ந்தபோது ரயில் இல்லை. ‘த ட்ரெயின் லெஃப்ட்’ என்றால் நான் போய்ச் சேர்ந்த அந்த நேரத்தில் அது கிளம்பியது, ஓடியிருந்தால் ஏறியிருக்கலாம். ரயிலைப் பிடித்தோமா விட்டோமா என்பதே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இதை விளக்க நம் புத்தகங்கள் கொடுப்பதோ, டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டார் என்ற வாக்கியம். அதில் ‘பிஃபோர்’ என்ற சொல்லே எது முன், எது பின் என்று சொல்லிவிடுகிறது. ‘ஹேட்’ இல்லாமல் ‘டைட்’ என்று மட்டும் போட்டாலும் பொருள் மாறாது. எந்த இடத்தில் அந்த வடிவம் கட்டாயமில்லையோ அந்த இடத்தையே எடுத்துக்காட்டாக வைத்தால், மாணவருக்கு அதன் தேவை எப்படிப் புரியும்?

இதேபோல் இன்னொரு சமக்குறி ‘வந்திருக்கிறான்’ என்பதற்கும் ‘ஹேஸ் கம்’ என்பதற்கும் நடுவில் இருக்கிறது. பல இடங்களில் அது சரியாகத்தான் பொருந்தும், அதனால்தான் ஆபத்து அதிகம். காலையில் எழுந்து பார்க்கிறோம், தரையெல்லாம் ஈரம். ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். நாம் மழையைப் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்துச் சொல்கிறோம். தமிழ் வினைக்குள் அப்படி ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இட் ஹேஸ் ரெயிண்ட் லாஸ்ட் நைட்’ என்றால் தவறு, ஏனென்றால் ‘ஹேஸ்’ என்பது இப்போதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற காலம். முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் ‘லாஸ்ட் நைட்’, ‘எஸ்டர்டே’ போன்ற சொற்களோடு அது சேராது. நாம் சொல்ல வந்தது ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயிண்ட்’. இதை ‘மஸ்ட் ஹேவ்’ பாடத்தில் எங்கோ கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அங்கேயும் ‘பெய்திருக்க வேண்டும்’ என்று மட்டும் தமிழ் கொடுக்கிறீர்கள். ‘பெய்திருக்கிறது’ என்பதையும் பக்கத்தில் வைத்தால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ வகைப் பிழைகளில் பாதி குறையும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

தமிழ் குழப்பும் இடங்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது தமிழுக்குச் செய்கிற அநியாயம். தமிழ் தாங்கிப் பிடிக்கிற இடங்கள்தான் அதிகம். அவற்றை நீங்கள் தொடுவதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

‘டிட் நாட் வென்ட்’ என்ற பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் திருத்தாத ஆசிரியர் இருக்க முடியாது. ‘டிட் வந்தால் வினையின் முதல் வடிவம்தான் வர வேண்டும்’ என்று விதியைச் சொல்வோம், மாணவர் தலையாட்டுவார், அடுத்த நாள் அதே பிழை வரும். ஒரு நாள் பலகையில் ‘போகவில்லை’ என்று எழுதிவிட்டு, “இதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். எல்லோரும் தேடினார்கள். ‘போனவில்லை’ என்று நாம் சொல்வதில்லையே! ‘போக’ என்பதில் காலமே இல்லை. ‘நேற்றுப் போகவில்லை’ என்றாலும் சரி, ‘இப்போது போகவில்லை’ என்றாலும் சரி, வினை அதேதான். ‘டிட் நாட் கோ’வில் ‘கோ’ நிற்பதும் அப்படித்தான், காலம் காட்டும் பொறுப்பை ‘டிட்’ வாங்கிக்கொண்டுவிட்டது. ‘டிட் நாட் வென்ட்’ என்பது ‘போனவில்லை’ என்பது போல இருக்கிறது என்று சொன்னதும் வகுப்பில் ஒருவர் முகம் சுளித்தார். அந்தச் சுளிப்புத்தான் இலக்கணம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பிழையைச் செய்யவில்லை.

‘இஃப் ஐ ஹேட் டைம்’ என்பதில் இப்போதைய விஷயத்துக்கு எதற்கு இறந்தகாலம் என்று மாணவர்கள் கேட்பார்கள். ‘நேரம் இருந்தால்’ என்று நாம் சொல்லும்போதும் உள்ளே ‘இருந்த்’ என்ற இறந்தகால வடிவம்தானே இருக்கிறது? வந்தால், போனால், செய்தால் என எல்லாவற்றிலும் அதுதான். ஒரு வேறுபாடு மட்டும் சொல்லித் தர வேண்டும்: தமிழில் நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் ஒரே ‘இருந்தால்’, ஆங்கிலத்தில் நடக்கக்கூடியதற்கு ‘ஹேவ்’, வெறும் கற்பனைக்கு ‘ஹேட்’. ‘வந்திருந்தால் பார்த்திருப்பேன்’ என்ற இடத்துக்கு வந்துவிட்டால் இரண்டு மொழியும் தோளோடு தோள் நிற்கின்றன. ‘இஃப் ஐ ஹேட் கம், ஐ வுட் ஹேவ் சீன்.’ எல்லோரும் கஷ்டம் என்று பயமுறுத்தும் இந்த வாக்கியத்தை, ‘இருந்தால்’ எங்கே, ‘இருப்பேன்’ எங்கே என்று கோடு போட்டுக் காட்டினால் புதிதாக வந்தவர்கூட அன்றைக்கே எழுதிவிடுகிறார்.

‘சின்ன வயதில் தினமும் நீந்துவேன்’ என்கிறோம். நடந்து முடிந்த பழக்கம், ஆனால் வினை எதிர்கால வடிவம். ஆங்கிலத்தின் ‘வென் ஐ வாஸ் எ சைல்ட், ஐ வுட் ஸ்விம் எவ்ரி டே’ என்பதும் இதே ஏற்பாடுதான், ‘வுட்’ என்பது ‘வில்’லின் இறந்தகால வடிவம். நான் பார்த்த கையேடுகளில் ‘யூஸ்ட் டு’ மட்டுமே இருக்கிறது, ‘வுட்’ இல்லை. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் போதும்: ‘எங்களிடம் ஒரு நாய் இருந்தது’ போன்ற நிலையைச் சொல்ல ‘வுட்’ வராது, ‘யூஸ்ட் டு’ வரும். அதற்கும் தமிழே சாட்சி. ‘நாய் இருக்கும்’ என்று அங்கே நாம் பெரும்பாலும் சொல்ல மாட்டோம்.

பணிவுக்கு இறந்தகாலத்தைப் பயன்படுத்துவதும் அப்படியே. ‘ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்’ என்பதைக் கேட்டு, இப்போது கேட்கப் போகிறவர் ஏன் ‘வான்டட்’ என்கிறார் என்று குழம்புகிறவர்கள் உண்டு. ‘உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்று நாமும்தான் சொல்கிறோம்.

தொடர் இறந்தகாலத்தில் பெரிய சிக்கல் இல்லை, ‘கொண்டிருந்தேன்’ என்பதும் ‘வாஸ்’ஸோடு ‘இங்’ சேர்ந்த வடிவமும் பெரும்பாலும் பொருந்திப் போகின்றன. ‘தெரிந்துகொண்டிருந்தது’ என்று எதற்குச் சொல்ல மாட்டோமோ, ‘தெரியும்’ என்று பொருள்படும் அந்த ‘நோ’வுக்கு ஆங்கிலத்திலும் ‘இங்’ வராது. ‘நம்பிக்கொண்டிருந்தேன்’ மாதிரி சில சொற்கள் மட்டும் காலை வாரும். அங்கே ‘பிலீவ்ட்’தான்.

அடுத்து, ஒழுங்கற்ற வினைகளின், அதாவது இறந்தகாலத்துக்கு ‘எட்’ சேர்க்காமல் தம் போக்கில் மாறும் வினைகளின் பட்டியல். ஏறக்குறைய எல்லாக் கையேடுகளின் பின்பக்கத்திலும் அகர வரிசையில் அச்சிட்டிருக்கிறீர்கள். முதலில் ‘அபைட், அபோட்’, பிறகு ‘அரைஸ், அரோஸ்’. ‘அபோட்’ என்ற சொல்லை வாழ்நாளில் ஒரு தடவை பயன்படுத்தியவர் யார்? ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளான ‘பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக், சீ, கம்’ எல்லாமே ஒழுங்கற்றவை. இது தற்செயல் இல்லை. 2007இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. இன்று அவற்றில் 98தான் அப்படியே இருக்கின்றன. வாயில் அதிகம் புழங்காதவை முதலில் ‘எட்’ பக்கம் சாய்ந்துவிட்டன, தினமும் புழங்குபவை தேயாமல் நின்றுவிட்டன. ‘ஹெல்ப்’புக்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று இறந்தகாலம் இருந்தது. ‘வென்ட்’ ‘கோ’வின் சொந்த வடிவமே இல்லை, இன்று அரிதாகவே வரும் வேறொரு வினையின் இறந்தகாலம் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே பட்டியலைப் புழக்க வரிசையில் போடுங்கள். முதல் முப்பது வினைகளை நன்றாகப் பழகிய மாணவரால் அன்றாடப் பேச்சின் பெரும்பகுதியைச் சமாளிக்க முடியும்.

ஒழுங்கற்ற வினை என்றதும் ஆங்கிலம் ஏதோ கிறுக்கு மொழி என்று சிரிப்பதையும் விட்டுவிடலாம். ‘பாடினான்’ என்பதைப் போல ‘வாயினான்’ என்றா சொல்கிறோம்? வா, வந்தான். நில், நின்றான். கேள், கேட்டான். சா, செத்தான். இறந்தகால இடைநிலையாக த், ட், ற், இன் என்று நன்னூல் நான்கைச் சொல்கிறது. விடு, விட்டான், பெறு, பெற்றான் என்று வேரே இரட்டித்துக் காலம் காட்டும் வகையும் தமிழில் உண்டு. ‘சிங், சேங்’ என்று உயிரெழுத்து மாறுவதைப் பார்த்துப் பயப்படுகிற மாணவர், இவ்வளவையும் எந்த அட்டவணையும் இல்லாமல் நாலு வயதுக்குள் கற்றவர். அதை அவருக்கு ஞாபகப்படுத்தினாலே பயம் பாதி போய்விடுகிறது.

உச்சரிப்பையும் சொல்லியாக வேண்டும், நான் பார்த்த எந்தக் கையேட்டிலும் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. ‘எட்’ என்று எழுதினாலும் ‘வாக்கெட்’, ‘கால்லெட்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘வாக்ட்’ என்பதில் ‘டைம்’ என்ற சொல்லின் அழுத்தமான டகரம், ‘கால்ட்’ என்பதில் ‘டோர்’ என்ற சொல்லின் மிருதுவான டகரம். வினை ஏற்கெனவே இந்த இரண்டில் ஒன்றில் முடிந்தால் மட்டும் ‘வான்டிட்’, ‘நீடிட்’ என்று ஓர் அசை கூடும். தமிழ் எழுத்தில் இரண்டு டகரமும் ஒன்றாகவே தெரியும் என்பதால் இதை வாயால் சொல்லிக் காட்டுவது ஆசிரியரின் பொறுப்பு.

உங்களிடம் நான் கேட்பது, அட்டவணையில் அந்தச் சமக்குறிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆங்கில வடிவத்துக்கும் பக்கத்தில் இரண்டு தமிழ் வாக்கியம் வையுங்கள் என்பது: அது பொருந்துகிற ஒன்று, பொருந்துவது போலத் தோன்றி ஏமாற்றுகிற ஒன்று. ‘போகவில்லை’யை ‘டிட் நாட் கோ’வுக்குப் பக்கத்தில் போடுங்கள். ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் போனான்’ என்று ஒரே ஒரு முற்றுவினையில் நாம் முடிப்பதை ஆங்கிலத்தில் ‘காட் அப், பேத்ட், ஏட், லெஃப்ட்’ என்று ஒவ்வொன்றையும் இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும், நடந்த வரிசையிலேயே சொன்னால் எங்கேயும் ‘ஹேட்’ தேவையில்லை என்று ஒரு பயிற்சி சேருங்கள். புதிய பதிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கங்களை இப்போதுதான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய ஒருவரிடம் கொடுத்து, நேற்று நடந்ததை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

நான் திருத்திய அந்தப் பத்தியை அவர் மறுபடி எழுதிக் கொண்டுவந்தார். முதல் வரி ‘ஐ வென்ட் டு த லைப்ரரி எஸ்டர்டே.’ மூன்றாவது வரி ‘பட் தே ஹேட் க்ளோஸ்ட் இட்.’ அந்த ‘ஹேட்’டை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். “நான் போவதற்குள் பூட்டிவிட்டிருந்தார்கள்” என்றார்.

அன்புடன்,
உங்கள் கையேடுகளில் படித்து, இப்போது அவற்றை வைத்துச் சொல்லிக் கொடுக்கும் ஒருவர்