கசாயத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய் மருத்துவர் என்றால் கீமோ எனும் புற்றுநோய் மருந்தை ஏற்றுபவர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பினாங்கில் என் அக்காவைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றபோது நான் கண்டது வேறு. டாக்டர் முதலில் டார்ச் அடித்து வாய்க்குள் புண் இருக்கிறதா என்று பார்த்தார். மருந்தின் பக்கவிளைவாக விரல் நுனி மரத்துப்போகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று கேட்டார். பிறகுதான் இரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருந்ததால் அன்றைய மருந்தை ஒத்திவைத்தார். கைவிட்டுவிட்டாரோ என்று அக்கா கலங்கினார். அப்படியல்ல, அந்த நிலையில் மருந்து ஏற்றினால் சாதாரணக் கிருமித்தொற்றுகூட உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

மூலிகைக் கசாயம் குடிப்பதை டாக்டரிடம் மறைக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் தொடர்வது வேதனை. சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையையே மாற்றிவிடும். திட்டுவாரோ என்று பயப்படாமல் சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மலாய் சரியாகப் புரியாத நம் மூதாட்டிகளுக்குப் பக்கவிளைவுகளைத் தமிழில் விளக்க ஒருவரை அமர்த்துங்கள். கீமோவுக்குப் பின் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் உடனே வர வேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு